இறந்து பிறத்தல் மறுஆய்வு

வயிற்றில் வளர்ந்த குழந்தை உயிரில்லாமல் பிறந்தால், அந்தக் கர்ப்பகாலத்தையும் பிரசவத்தையும் முதலிலிருந்து திரும்பப் பார்த்து, கவனிப்பில் எங்கே பிசகு நேர்ந்தது, குழந்தையைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று மருத்துவக் குழு கண்டறியும் முறை. கண்டறிந்ததைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்வதும் இதன் பகுதி. இம்முறை நெடுங்காலமாக வளர்ந்துவந்த பிரிட்டனைப் பற்றியது இக்கட்டுரை. அங்கு 24 வாரம் நிறைந்தபின் உயிரில்லாமல் பிறக்கும் குழந்தை இவ்வகையில் சேரும். 1992 வரை 28 வாரம் என்றிருந்தது. நாடுகளை ஒப்பிட உலக சுகாதார நிறுவனம் இன்றும் 28 வாரத்தையே கொள்கிறது.

பதிவும் கணக்கெடுப்பும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1927 ஜூலை வரை இத்தகைய குழந்தைகளுக்குப் பதிவே கிடையாது. பிறப்பேட்டிலும் இல்லை, இறப்பேட்டிலும் இல்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கெனத் தனிப் பதிவேட்டை உண்டாக்கியது. துக்கத்தை மதித்து மட்டும் வந்த சட்டமல்ல அது. உயிரோடு பிறந்த சிசுவைக் கொன்று, 'செத்தே பிறந்தது' என்று சொல்லிப் புதைத்துவிடும் வழியை அடைப்பதும் அதன் நோக்கம். என்றாலும் எண்ணிக்கை கைக்கு வந்தது. எண்ணிக்கை வந்தபின் காரணம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

1958 மார்ச் 3 முதல் 9 வரை பிரிட்டனில் நிகழ்ந்த ஏறத்தாழ 17,000 பிறப்புகளின் விவரமும், அதையொட்டி மூன்று மாதங்களில் இறந்து பிறந்த குழந்தைகள், பிறந்த சில நாளில் இறந்த குழந்தைகள் ஆகியோரின் விவரமும் திரட்டப்பட்டன. நெவில் பட்லரும் டெனிஸ் போனமும் 1963இல் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். கர்ப்பிணி புகைபிடித்தால் குழந்தையின் எடை குறையும், இறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு வலுவான சான்று இத்திரட்டிலிருந்தே கிடைத்தது.

வகைப்பாடு

அபர்டீனில் மகப்பேறு மருத்துவர் டூகல்ட் பேர்டும் உடன்பணியாற்றியோரும் 1954இல் ஒரு வகைப்பாட்டைத் தந்தனர். குழந்தையின் உடலில் கண்டதைவிட, மரணத்தில் போய் முடிந்த நிகழ்வுகள் தாயிடம் எதிலிருந்து தொடங்கின என்பதையே அவர்கள் முதன்மையாகப் பார்த்தனர். கர்ப்பகால இரத்த அழுத்தமா, பிரசவத்துக்கு முந்தைய இரத்தப்போக்கா, பிரசவத்தில் ஏற்பட்ட சேதமா என்று பிரித்தனர்.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் ஜொனாதன் விக்கிள்ஸ்வொர்த் 1980இல் வகைப்பாட்டை எளிமையாக்கினார். பிரேதப் பரிசோதனை செய்ய வசதியில்லாத இடத்திலும் பயன்படுமாறு ஐந்தே பிரிவுகள்: உறுப்புக் குறையின்றி வயிற்றிலேயே இறந்து தோல் நைந்த குழந்தை, பிறவிக் குறைபாடு, குறைமாதத்தால் வந்த மரணம், பிரசவ வேளையில் மூச்சுத் திணறல், பிற குறிப்பிட்ட காரணங்கள். ஒவ்வொரு பிரிவும் கவனிப்பின் ஓரிடத்தைச் சுட்டியது. முதல் பிரிவு பெருத்தால் கர்ப்பகாலப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும்; நான்காவது பெருத்தால் பிரசவ அறையை. இந்தத் தெளிவே இதன் சிறப்பு.

இதன் குறை, பெரும்பாலான மரணங்கள் காரணம் தெரியாமலே நின்றதே. பர்மிங்காமில் ஜேசன் கார்டோசி குழுவினர் 2005இல் வெளியிட்ட 'ரிகோட்' முறை 2,625 மரணங்களை மறுபடி ஆராய்ந்தது. பழைய முறையில் 66.2 விழுக்காடு விளங்காமல் இருந்தது 15.2 ஆகக் குறைந்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளே விளங்காதவற்றுள் மிகுதி. காரணம் இருந்தது, அதைத் தேடும் கண் இல்லை.

பெற்றோர்

மருத்துவர்கள் வகைப்படுத்தத் தொடங்கிய காலத்தில் தாய்மாருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியாது. குழந்தையைத் துணியில் சுற்றி உடனே எடுத்துப் போய்விடுவார்கள். தாய்க்கு முகம்கூடக் காட்டமாட்டார்கள். அடக்கத்தை மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும். மறந்துவிட்டு அடுத்த குழந்தையைப் பெறச் சொல்வார்கள். விரும்பினால் குழந்தையைப் பார்த்து, மடியில் வைத்து விடைகொடுக்கப் பெற்றோருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்பது பின்னரே ஏற்கப்பட்டது.

மனநல மருத்துவர் ஸ்டான்ஃபர்ட் போர்ன் 1968இல், இத்தகைய தாய்மாரின் குடும்ப மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியபோது, அந்த மருத்துவர்கள் அறியவும் நினைவுகூரவும் தயங்கியது வெளிப்பட்டது. தன் மகனை இவ்வாறு இழந்த எழுத்தாளர் பெல் மூனி 1976இல் கார்டியன் இதழில் எழுதினார். ஹேசலான் லூயிஸுடன் சேர்ந்து அவர் 1978இல் உருவாக்கிய, இத்தகைய பெற்றோருக்கான சங்கமே இன்றைய 'சேண்ட்ஸ்'.

மறுஆய்வு

1992இல் இம்மரணங்களைப் பற்றிய நாடளாவிய இரகசிய விசாரணை முறை வந்தது. அதன் வழிவந்த 'எம்பிரேஸ்' குழு, மாதம் நிறைந்தும் பிரசவ வலிக்கு முன்பே இறந்த குழந்தைகளைப் பற்றி 2015இல் தந்த அறிக்கை முக்கியமானது. ஏறத்தாழப் பாதித் தாய்மார், குழந்தையின் அசைவு குறைந்தது அல்லது நின்றது என்று முன்கூட்டியே மருத்துவமனைக்குத் தெரிவித்திருந்தனர். மருத்துவமனை தானே மறுஆய்வு செய்ததற்கான ஆவணம் கால்பங்கு நிகழ்வுகளில்தான் இருந்தது. முதலில் அறிந்தவள் தாய். மேற்கண்ட வகைப்பாடுகளில் அவள் சொல்லுக்கு இடமிருக்கவில்லை.

2018இல் வந்த பொது மறுஆய்வுக் கருவி அந்த இடத்தைத் தருகிறது. மகப்பேறு மருத்துவர், பேறுகாலச் செவிலியர், நோய்க்குறியியலாளர் முதலியோருடன் வெளி மருத்துவமனையைச் சேர்ந்த ஒருவரும் அமர்ந்து, பெற்றோரின் கேள்விகளையும் சேர்த்து ஆராய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கவனிப்பு ஏ முதல் டி வரை தரப்படுத்தப்படுகிறது. டி என்றால், வேறுவிதமாகக் கவனித்திருந்தால் முடிவு மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பொருள். வெளியாள் இல்லாத மறுஆய்வை முழுமையான மறுஆய்வு என்று கொள்ள முடியாது.

இப்போது பிரிட்டன் முழுவதும் இக்கருவி பயன்படுகிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு 2020 முதல் இரு வாரத் துக்க விடுப்பும் உண்டு. பழைய தலைமுறைப் பெற்றோர் சிலர், தம் குழந்தை எந்தப் பொதுக்குழியில் புதைக்கப்பட்டது என்று இடுகாட்டுப் பதிவேடுகளில் இன்னும் தேடுகின்றனர்.