பந்தயத் தானுந்துப் பொறிக்கான மாற்று வால்வுகள்

பந்தயத் தானுந்துப் பொறிக்கான மாற்று வால்வுகள் என்பவை, ஒரு தானுந்தின் பொறியைக் கூடுதல் திறனுக்கோ கூடுதல் சுழல்வேகத்துக்கோ ஏற்பத் திருத்தியமைக்கும்போது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வால்வுகளுக்குப் பதிலாகப் பொருத்தப்படுபவை ஆகும். வால்வு தமிழில் ஓரதர் எனவும் அழைக்கப்படுகிறது. பட்டறைகளில் வால்வு என்ற சொல்லே வழக்கில் உள்ளது. தவறாகத் தேர்ந்த வால்வு ஒன்றின் தலைப்பகுதி ஓட்டத்தில் உடைந்து விழுமானால் பிஸ்டன், உருளை, பொறியின் தலைப்பகுதி ஆகிய அனைத்தும் சில நொடிகளில் சேதமடையும். ஆகவே இது விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடிய ஒன்றன்று.

பணியும் சுமையும்

நான்கு வீச்சுப் பொறியில் கேம் தண்டு, வணரித் தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. எனவே நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் ஓடும் பொறியில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. வால்வை மூடுவது சுருள்வில்லின் விசையாகும். சுழல்வேகம் கூடும்போது வால்வின் நிலைமத்தால் எழும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 6000 சுற்றுகளிலிருந்து 7500 சுற்றுகளுக்குச் செல்லும்போது வேகம் 25 விழுக்காடே கூடினாலும், இவ்விசை ஏறத்தாழ 56 விழுக்காடு கூடுகிறது. சுருள்வில்லால் இதைத் தாங்க இயலாதபோது வால்வு கேமின் வடிவைப் பின்பற்றாமல் மிதக்கத் தொடங்கும். அந்நிலையில் பிஸ்டன் மேலேறி வால்வை மோதக்கூடும்.

உள்ளிழு வால்வு புதிய கலவையால் குளிர்விக்கப்படுகிறது. வெளியேற்று வால்வுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் தலைப்பகுதி 700 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறலாம். இவ்வெப்பத்தின் பெரும்பகுதி வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகவும், எஞ்சியது தண்டிலிருந்து கைடு வழியாகவும் வெளியேறுகிறது.

பயன்படும் உலோகங்கள்

* சிலிக்கான்-குரோமிய எஃகு: இ.என். 52 எனப்படும் இவ்வகையில் சுமார் 8 முதல் 9 விழுக்காடு குரோமியமும் 3 விழுக்காடு சிலிக்கானும் உள்ளன. கடினப்படுத்த இயலும், காந்தத்தால் ஈர்க்கப்படும். உள்ளிழு வால்வுக்கு ஏற்றது.
* 21-4 என் எஃகு: சுமார் 21 விழுக்காடு குரோமியம், 4 விழுக்காடு நிக்கல் ஆகியவற்றுடன் மாங்கனீசும் நைட்ரசனும் கலந்தது. உயர்வெப்பத்திலும் வலிமை இழக்காது, காந்தத்தால் ஈர்க்கப்படாது. வெளியேற்று வால்வுக்குப் பரவலாகப் பயன்படுகிறது.
* நிக்கல் கலப்புலோகங்கள்: இன்கோனெல் 751, நிமோனிக் 80ஏ போன்றவை. சுழலியால் காற்று அழுத்தப்படும் டர்போ பொறிகளின் வெளியேற்று வால்வுகளுக்கு உகந்தவை.
* டைட்டேனியம்: எஃகைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு எடை குறைவு. எனினும் விலை அதிகம். சீட், கைடு ஆகியவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். தண்டின் நுனிக்குக் கடினமான தொப்பி தேவைப்படும்.
* சோடியம் நிரப்பிய வால்வுகள்: உட்குடைவான தண்டில் அடைக்கப்பட்ட சோடியம் சுமார் 98 பாகை செல்சியசில் உருகி, மேலும் கீழும் அலைந்து, தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கடத்துகிறது. இவற்றைக் கடைசலில் வெட்டுவதோ உடைப்பதோ ஆபத்தானது. சோடியம் நீருடன் கடுமையாக வினைபுரியும்.

இயற்கையாகக் காற்றிழுக்கும் சாதாரணப் பெட்ரோல் பொறிக்கு உள்ளே இ.என். 52, வெளியே 21-4 என் என்ற இணையே பெரும்பாலும் போதுமானது.

அளவு

பெரிய வால்வு கூடுதல் காற்றை அனுமதிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. 30 மி.மீ. தலையை 31 மி.மீ. ஆக்கினால் பரப்பளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது உண்மையே. ஆனால் விளிம்பு உருளைச் சுவரை நெருங்குமானால் காற்றோட்டம் தடைபட்டு, கிடைத்த ஆதாயம் குறையும். தலை பெரிதாகும்போது எடையும் கூடுகிறது. இரு வால்வுகளின் இடையிலுள்ள உலோகம் மெலிந்து விரிசல் விடவும் இடமுண்டு. எனவே முதலில் சீட்டைப் பல கோணங்களில் வெட்டிச் சீர்செய்து பார்த்த பின்னரே பெரிய வால்வைக் கருதுவது நலம். வழக்கமான மும்முகச் சீட் 30, 45, 60 பாகைக் கோணங்களில் வெட்டப்படுகிறது. வால்வு அமரும் முகம் 45 பாகையாகும்.

சீட்டும் ஈயமற்ற பெட்ரோலும்

பழைய வார்ப்பிரும்புத் தலைப் பொறிகள் பலவற்றில் சீட் தனி வளையமாக இன்றித் தலையிலேயே நேரடியாக வெட்டப்பட்டிருந்தது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அச்சீட்டின் மீது படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. இந்தியா முழுவதும் 2000 பெப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. ஆகவே பழைய பொறியைப் பந்தயத்துக்கோ மீட்டெடுப்புக்கோ திருத்துவோர், கடினமான சீட் வளையங்களைப் பொருத்திய பின்னரே புதிய வெளியேற்று வால்வுகளை இடுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில்

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன் 1988இல் பார்முலா மாருதி வண்டியை உருவாக்கினார். மாருதி 800 தானுந்தின் 796 க.செ.மீ. கொள்ளளவுள்ள மூன்று உருளைப் பொறியே அதில் பயன்பட்டது. எளிதில் கிடைக்கும் உதிரிப்பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயத்தில் ஈடுபட இது வழிவகுத்தது. 1995இல் விமான விபத்தில் மறைந்த அவரின் நினைவாகக் கோயம்புத்தூர் அருகே 2003இல் திறக்கப்பட்ட தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது.

வால்வு உற்பத்தியிலும் தமிழ்நாட்டுக்கு இடமுண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரானே குழுமம் 1959 முதல் பொறி வால்வுகளைத் தயாரித்து வருகிறது.

வாங்கும்போதும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

# பங்கேற்கவுள்ள பந்தயப் பிரிவின் விதிகளை முதலில் படிக்க வேண்டும். வால்வின் அளவையோ உலோகத்தையோ மாற்ற அனுமதிக்காத பிரிவுகளும் உள்ளன.
# 21-4 என் எனக் கூறி விற்கப்படும் வெளியேற்று வால்வின் தலையில் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் அது 21-4 என் அன்று. தண்டு மட்டும் ஒட்டினால் குறையில்லை. வேறு எஃகுத் தண்டைத் தலையுடன் உராய்வு முறையில் பற்றவைப்பது வழக்கமாகும்.
# தலையின் விளிம்புத் தடிமன் வெளியேற்று வால்வில் சுமார் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மெலிந்த விளிம்பு எரிந்துவிடும்.
# தேய்ந்த கைடில் புதிய வால்வை இடக் கூடாது. ஆட்டம் கொண்ட வால்வு சீட்டில் நேராக அமராது.
# சீட்டை வெட்டியபின் வால்வு தாழ்ந்து அமரும், சுருள்வில் தளரும். உயரத்தை அளந்து தகட்டு வளையத்தால் ஈடுசெய்ய வேண்டும்.
# பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை, பிஸ்டன் மீது மென்களியை ஒட்டித் தலையைப் பொருத்தி, பொறியைக் கையால் இரு முழுச் சுற்றுகள் சுழற்றி அளக்கலாம். உள்ளிழு வால்வுக்கு 2 மி.மீ., வெளியேற்று வால்வுக்கு 2.5 மி.மீ. என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் குறைந்த அளவாகும்.
# இறுதியாகக் காற்றுக்குழாயில் மண்ணெண்ணெய் ஊற்றி, எரியறைப் பக்கம் கசிகிறதா எனப் பார்க்க வேண்டும்.

பழைய வால்வின் நீளம், தண்டின் விட்டம், பூட்டுப் பள்ளத்தின் வடிவம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டே கடைக்குச் செல்வது நல்லது. ஒரே வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பொறியின் தலைப்பகுதி மாறியிருக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* கேம் தண்டு
* கரி மோட்டார் ஸ்பீட்வே
* மாருதி 800