தெளிகருவியைத் தோளில் ஏற்றுமுன்: மாத்தளையில் மருந்தடிக்கப் போகிறவர்களுக்கு

ஏ-9 வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை, நாவுல, தம்புள்ளை ஊடாக வவுனியா, கிளிநொச்சி, முகமாலை தாண்டி யாழ்ப்பாணம் போகிறது. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணியில் சேர்ந்த எவரும் பயிற்சி முடிக்காமல் நிலத்தில் இறக்கப்படுவதில்லை. அதே வீதியின் தெற்கே, நான் வசிக்கும் மாத்தளை மாவட்டத்தில், நஞ்சு நிரப்பிய 16 லீற்றர் தெளிகருவியை யாருடைய முதுகிலும் காலையில் ஏற்றி மாலையில் கூலி கொடுத்து அனுப்பிவிடலாம். "காற்றுக்கு எதிரே அடிக்காதே" என்ற ஒரு வசனம்தான் பயிற்சி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தோட்டத்தில் வேலைநாள் குறைந்ததால் தம்புள்ளை, கலேவெலப் பக்கம் வெங்காயம், போஞ்சி, மிளகாய்ச் செய்கைக்கு நாட்கூலியாகப் போகும் லயத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒட்டாவா உடன்படிக்கையில் 2017இல் இணைந்த இலங்கைக்கு, வெடிகளை அகற்றி முடிக்க 2028 வரை கால எல்லை உண்டு. அதன்பின் வேறு தொழில் தேடப்போகும் வன்னி உறவுகளும் இருக்கிறார்கள். 1977 வன்செயலுக்குப்பின் இந்த மலைகளிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களை நினைத்தால், இரு பகுதியாரும் அந்நியர் அல்லர்.

மருந்து மூக்கால்தான் உள்ளே போகும் என்று பலர் நம்புகிறார்கள். வயல்வேலையில் பெரும்பாலும் தோலால்தான் போகிறது. முன்னங்கையைவிட, தொடையிடுக்கும் விதைப்பையும் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். தெளிகருவி கசிந்து முதுகால் வழிந்து காற்சட்டை நனைந்தால், "பிறகு பார்ப்போம்" என்று நிற்கக்கூடாது. அப்போதே கழற்றி, சவர்க்காரம் போட்டுக் குளிக்கவேண்டும். இன்னொன்று, அடிக்கும் நேரத்தைவிடக் கலக்கும் நேரம் ஆபத்தானது. போத்தலில் இருப்பது தண்ணீர் சேராத நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் முதலில் அங்கேதான் வேண்டும். துணி முகக்கவசம் நஞ்சின் ஆவியைத் தடுக்காது. அடைத்த நுனியை வாயால் ஊதுவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். அதற்குப் பழைய பல்துலக்கியும் தண்ணீரும் போதும்.

நம் நாட்டில் சிட்டையில் தமிழும் இருக்கவேண்டும் என்பது விதி. சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் சிட்டை இல்லை. அந்த வேலையை ஏற்கவேண்டாம். சிட்டையின் அடியிலுள்ள நிறப்பட்டி சிவப்பானால் மிகக் கொடியது; மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை இறங்கும். அது உடனடி நஞ்சுத்தன்மையை வைத்துத் தரப்பட்ட நிறம். வருடக்கணக்கில் அடித்தால் என்னவாகும் என்பதை அது சொல்லாது.

கண்மணி சுருங்குதல், எச்சில் வடிதல், மிகுந்த வியர்வை, வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல். இவை ஒகனோபொஸ்பேற்று வகை மருந்துகளின் அறிகுறிகள். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள்; வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; சிட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். இந்த வகை நஞ்சுக்கு அற்றோபின் உண்டு. நாம் கிரமொக்சோன் என்று அறிந்த பரகுவாட்டுக்கு முறிமருந்தே இல்லை. அதனால்தான் 2008 முதல் 2011 வரை படிப்படியாக அது தடைசெய்யப்பட்டது. பாதுகாப்புப் பாடத்தின் முதல் வரியும் அதுதான்: நஞ்சை அகற்று, முடியாவிட்டால் மாற்று, கையுறையும் கண்ணாடியும் கடைசி. நடைமுறையில் அந்தக் கடைசியைக்கூடக் கூலியாள் தன் காசில்தான் வாங்குகிறார்.

பயிற்சி எங்கே? கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம். 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகமும் இருக்கிறது. நான் போயிருந்த ஒரு வகுப்பு முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெண்கள் படங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தமிழில் நடத்தும்படி பெயர்ப்பட்டியலோடு எழுத்தில் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி.

1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் தொழிற்சாலைக்கு உரியது. வெங்காய வயலுக்கு அது வராது. வேலையில் ஏற்பட்ட பாதிப்புக்கு நட்டஈடு கேட்க 1934இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. ஆனால் யாரிடம் வேலை செய்தேன் என்பதை நாட்கூலி நிரூபிக்கவேண்டும். ஆகவே வயல்காரரின் பெயர், திகதி, அடித்த மருந்து ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிவையுங்கள். ஆஸ்பத்திரியில் "மருந்தடிக்கும்போது வந்தது" என்று சொல்லி, துண்டு வெட்டும்போது அந்த வசனம் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.