சவ்வில் இறங்கிய நங்கூரம்: கொழுமியம் ஏற்ற புரதங்களின் வரலாறு

மொழியாய்வுக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையில் உயிரணுவைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், சென்ற நூற்றாண்டின் உயிர்வேதியியல் வரலாற்றில் ஒரு பகுதியை ஆராயுங்கால், தமிழிலக்கணம் பயின்றோர்க்குப் பழகிய வினாவொன்று அங்கும் எழுந்ததைக் காண்கிறோம். ஒரு சொல் தொடரில் நின்று தொழிற்படுவதற்கு அதன் எழுத்துகள் மட்டும் போதுமா, அதன் முதலிலும் ஈற்றிலும் நிகழும் மாற்றங்களும் வேண்டுமா என்பதே அவ்வினா.

உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு கொழுமிய மூலக்கூறுகளின் ஈரடுக்கு என்பதை 1925இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டரும் கிரெண்டலும் எடுத்துரைத்தனர். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் அச்சவ்வை நீர்மத் தன்மையுடைய பரப்பாக விளக்கி, அதிலுள்ள புரதங்களை இருவகைப்படுத்தினர். சவ்வுக்குள் ஊன்றி நிற்பவை ஒருவகை. மேற்பரப்பில் தளர்வாக ஒட்டியிருப்பவை மற்றொரு வகை. இப்பகுப்பு பாடநூல்களில் நிலைபெற்றது. ஆயினும், இவ்விரண்டிலும் அடங்காத புரதங்களும் இருந்தன. அவற்றின் புரத உடல் சவ்வுக்கு வெளியே நின்றது; அதனோடு வேதிப்பிணைப்பால் இணைந்த கொழுமிய வால் மட்டும் சவ்வினுள் பதிந்திருந்தது. 1969இலேயே ஜெர்மானிய அறிஞர் பிரவுன், குடலில் வாழும் பாக்டீரியா ஒன்றில் இத்தகைய புரதத்தைக் கண்டறிந்திருந்தார்.

விலங்குகளின் உயிரணுக்களில் இவ்வுண்மை சிறிது சிறிதாகவே வெளிப்பட்டது. மாட்டின் இதயத் தசையிலிருந்து பெற்ற ஒரு நொதியின் அமினோ அமில வரிசையைப் படிக்க முயன்றோர், அதன் முதலெழுத்து ஏதோவொரு பொருளால் மூடப்பட்டிருக்கக் கண்டனர். அம்மூடி மிரிஸ்டிக் அமிலம் என்பது 1982இல் தெளிவாயிற்று. பதினான்கு கரிம அணுக்களையுடைய இவ்வமிலத்தின் பெயர், சாதிக்காயின் தாவரவியற் பெயரிலிருந்து வந்தது. அதன் உறவினதாகிய பதினாறு கரிம அணுக்களையுடைய பால்மிட்டிக் அமிலம் பனையினத்தால் பெயர் பெற்றது. பினாங்கின் சாதிக்காயையும் நம் நாட்டின் செம்பனை எண்ணெயையும் அறிந்த மாணவர்க்கு இவ்விரு பெயர்களும் அயலானவை அல்ல.

மற்றொரு தடம் பூஞ்சையில் தொடங்கியது. 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒரு பூஞ்சையின் இனக்கலப்பைத் தூண்டும் சிறு புரதக்கூற்றில் ஃபார்னெசில் எனப்படும் பதினைந்து கரிம அணுத் தொடர் இணைந்திருப்பதைக் கண்டனர். பல்லாண்டுகள் அது பூஞ்சைக்கே உரிய புதுமையாகக் கருதப்பட்டது. 1989இல், புற்றுநோயோடு தொடர்புடைய ராஸ் என்னும் புரதமும் அதே வாலை ஏற்கிறது என்பது உறுதியாயிற்று. அவ்வாலின்றி ராஸ் சவ்வை அடையாது. சவ்வை அடையாத ராஸ் உயிரணுவை வளரத் தூண்டவும் இயலாது.

ராஸ் வால் ஏற்கும் முறையைப் புணர்ச்சியியலோடு ஒப்பிட்டு நோக்கலாம். பனை என்பதும் காய் என்பதும் புணருங்கால் ஐகாரம் கெடுகிறது, அம் சாரியை தோன்றுகிறது, மகரம் ஙகரமாகத் திரிகிறது, பனங்காய் என்றாகிறது. ராஸ் புரதத்தின் ஈற்றயலில், கடைசியிலிருந்து நான்காம் இடத்தில், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அதன்மேல் ஃபார்னெசில் தோன்றுகிறது. பின்னுள்ள மூன்று அமினோ அமிலங்கள் கெடுகின்றன. எஞ்சிய ஈறு மெத்தில் ஏற்றுத் திரிகிறது. எந்த வால் சேரும் என்பதையும் பெரும்பாலும் ஈற்றெழுத்தே முடிவு செய்கிறது. ஈறு லூசினாயின் ஃபார்னெசிலுக்கு மாறாக இருபது கரிம அணுக்களையுடைய நீண்ட வால் சேரும். இஃது ஒப்புமையே, இரண்டும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. எனினும் ஈறு நோக்கி விதி செயற்படுவதை நம் மாணவர் விரைவில் உணர்வர்.

மூன்றாம் தடம் ஆப்பிரிக்க உறக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியில் கிடைத்தது. அதன் உடலை ஏறத்தாழ ஒரு கோடிப் புரத மூலக்கூறுகள் போர்வையாக மூடியுள்ளன. போர்வையை அடிக்கடி மாற்றுவதால் அது நம் எதிர்ப்பாற்றலுக்குத் தப்புகிறது. அப்புரதங்களின் ஈற்றில் சர்க்கரைத் தொடரும் கொழுமியமும் இணைந்த நங்கூரம் இருப்பதை பெர்குசனும் உடனாய்வாளரும் 1985இல் காட்டினர். 1988இல் அதன் முழு அமைப்பையும் வெளியிட்டனர்.

இந்நங்கூரம் மனிதரிடத்தும் உண்டு. அது அமையாவிடின் நேரும் கேட்டை ஓர் அரிய இரத்த நோய் காட்டுகிறது. நங்கூரம் கட்டத் தேவையான மரபணு ஒன்று இரத்த மூல உயிரணுவில் பழுதுற்றால், சிவப்பணுக்களைக் காக்கும் புரதங்கள் அவற்றின்மேல் நிற்க இடமின்றிப் போகின்றன. உடலின் தற்காப்பு அமைப்பே சிவப்பணுக்களை அழிக்கிறது. அம்மரபணுவை ஒசாகாவைச் சேர்ந்த கினோஷிட்டா குழுவினர் 1993இல் இனங்கண்டனர். இதற்கு நேர்மாறானது, குழந்தைகளை விரைவில் மூப்படையச் செய்யும் புரோஜீரியா. அங்கு உட்கருச் சவ்வின் புரதமொன்றில் ஃபார்னெசில் வால் உரிய காலத்தில் வெட்டப்படாமல் தங்கிவிடுகிறது. அவ்வால் சேர்வதையே தடுக்கும் லோனாஃபார்னிப் என்னும் மருந்துக்கு 2020 நவம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. முன்னர் புற்றுநோய்க்கென ஆராயப்பட்ட மருந்து அது. ராஸ் வகைகளுட் சில, ஃபார்னெசில் தடைப்பட்டவுடன் நீண்ட வாலை ஏற்றுத் தப்பியமையால் அம்முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

ஆகவே, ஏற்றலும் நீக்கலும் இரண்டும் உயிருக்கு இன்றியமையாதவை. இதனைக் கருதியே 'நங்கூரம்' என்னும் சொல்லை நாம் ஏற்கிறோம். 'ஆணி' என்றால் நிலைத்து நிற்றலே விளங்கும். நங்கூரமோ இறக்கவும் ஏற்றவும் உரியது; பால்மிட்டிக் வால் கழன்று மீண்டும் சேரும் இயல்புக்கும் அது பொருந்துகிறது. அவ்வாறே 'கொழுப்பு' என்று மட்டும் கூறின், உணவில் மிகுந்ததையோ செருக்கையோ மாணவர் நினைக்கக்கூடும். 'கொழுமியம்' என்பது பொருளை வரையறுத்துக் காட்டும்.

மரபணு தருவது புரதத்தின் எழுத்துவரிசையை மட்டுமே. அவ்வரிசை எங்கே நின்று எத்தொழில் செய்யும் என்பதை ஈற்றிலும் முதலிலும் நிகழும் புணர்ச்சியும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அறிவியல் ஆசிரியர் இதனைக் கற்பிக்குங்கால் தமிழாசிரியரையும் வகுப்புக்கு அழைப்பாராயின், இருபாடமும் பயன்பெறும் என்பது நம் துணிபு.