சுராங்கனிக்கு வந்த மீன்

நம் விமர்சனம் பொப்பிசைப் பாடல்களைப் பிரதியாக எடுத்துக்கொள்வதில்லை. 'சுராங்கனி' அப்படி விடுபட்ட ஒன்று. அதன் பல்லவி சொல்வது மிகக் குறைவு: ஒருத்திக்காக ஒருவன் மீன் கொண்டுவந்திருக்கிறான், இப்போதுதான் வந்த மீன். இவ்வளவு சொற்பமான அர்த்தம் ஐம்பது ஆண்டுகளாக எப்படித் தாங்குகிறது?

அதன் இசை வடிவமான பைலா, போர்த்துக்கீசியர் 1505இல் இலங்கைக்கு வந்ததன் எச்சம். நடனம் என்று பொருள்படும் அவர்களது சொல்லிலிருந்தே பெயர் வந்தது. தாளத்தில் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் கை உண்டு. 1658இல் ஆட்சி போயிற்று, ஆட்டம் தங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வாலி பஸ்தியான்ஸ் என்ற போலீஸ்காரர் கிதாருடன் அதைச் சிங்களத்தில் ஜனரஞ்சகமாக்கினார். அந்த மரபில் வந்த 'சுராங்கனி'யைத் தமிழர்களிடம் கொண்டுசேர்த்தவர் இலங்கைத் தமிழரான ஏ. ஈ. மனோகரன். அவர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது மீண்டும் ஒலித்தது. சரணங்கள் தமிழாயின, பல்லவி சிங்களமாகவே நின்றது. அதே 1977 ஆகஸ்டில்தான் இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபின் சந்தேகத்துக்குரியதாகிவிட்ட ஒரு மொழியை இங்கே கல்யாண வீடுகளில் தமிழர்கள் வாய்விட்டுப் பாடினார்கள். பாட்டு எதையும் தடுத்துவிடவில்லை. 1983 அதற்குப் பிறகுதான் வந்தது.

பல்லவியில் திரும்பத் திரும்ப வரும் 'மாலு' நம் காதுக்கு வெறும் சப்தம். அது மீன் என்று அறிந்தவர் சிலரே. அர்த்தம் தெரியாததால்தான் பாடினோம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை.

புதுச்சேரிக்கு வடக்கே பிள்ளைச்சாவடியில் இந்தப் பாட்டுக்கு மீனவர்கள் ஆடிப் பார்த்திருக்கிறேன். கடல் அரித்துக்கொண்டே வரும் கரை அது. அங்கே மீன் வந்தது என்றால் ஆள் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். நம் கவிதையில் கடற்கரைப் பெண் காத்திருக்கிறாள், கருவாட்டைப் பறவைகளிடமிருந்து காக்கிறாள், அவன் வருவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தக் காத்திருப்பை நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். 'சுராங்கனி'யில் காத்திருப்பு இல்லை. வருகை மட்டுமே இருக்கிறது. காதல் என்ற சொல் அந்தப் பல்லவியில் தேவைப்படவில்லை. மீன் போதுமானதாக இருக்கிறது.

நெய்தலின் இரங்கலுக்கு ஒரு பதில் சிங்களத்தில் வந்தது என்பதும், அதை மொழிபெயர்க்காமல் வைத்துக்கொண்டோம் என்பதும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் பாக் நீரிணையின் இரு கரை மீனவர்களும் இன்று எல்லைக்காகவும் வலைக்காகவும் மோதிக்கொள்ளும்போது, ஒரே மீனை இரு மொழியிலும் பாட முடிந்த அந்தப் பல்லவி கேளிக்கையாக மட்டும் எனக்குக் கேட்பதில்லை.