போறணை: கொழும்பின் பாண் வெந்த கதை

தமிழகத்து வாசகர் பலருக்குப் 'போறணை' என்ற சொல் புதிதாக இருக்கலாம். பேக்கரி அடுப்பை ஈழத்தவர் அப்படித்தான் அழைத்து வந்துள்ளனர். போர்த்துக்கேய மொழியின் 'ஃபோர்னோ' தமிழில் போறணை ஆயிற்று. அந்தப் போறணையில் வேகும் 'பாண்' என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. 1505 இல் கரையொதுங்கியவர்கள் 1658 இல் இலங்கையிலிருந்து முற்றாக வெளியேற்றப்பட்டனர். அவர்கள் கட்டிய கோட்டை கொழும்பில் இன்றில்லை. பாணும் போறணையும் இருக்கின்றன. பின்வந்த 'வெதுப்பகம்' நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் மருதானையில் அச்சொல்லைச் சொல்லி வழி கேட்டால் எத்தனை பேர் கைகாட்டுவர் என்பது ஐயத்துக்குரியது.

மருதானையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகையிரதச் சந்தி, 1893 இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி, 1911 இல் எழுந்த டவர் மண்டபம், இவற்றைச் சுற்றிய தேநீர்க் கடைகள் என விடியுமுன்பே பசித்திருக்கும் மக்கள் கூடும் இடம் அது. பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமை முடித்து அவ்வழியே நடந்த எங்களுக்கு, பொழுது விடியப்போகும் செய்தியைப் பாண் வாசம்தான் முதலில் சொல்லும்.

அந்த வாசத்தின் பின்னால் இருந்த பழைய செங்கல் போறணை எளிய அமைப்புடையது. ஆளுவதற்கோ மிகக் கடினமானது. தாழ்ந்த வளைவுக் கூரை, தட்டையான தளம், ஒரேயொரு சிறு வாய். பாண் வேகும் அதே அறைக்குள்தான் விறகும் எரியும். பல மணி நேரம் எரித்துச் செங்கல்லுக்குள் சூட்டை ஏற்றியபின் தணலை வாரி வெளியே இழுப்பார்கள். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய ஈரச் சாக்கினால் தளத்தைத் துடைப்பார்கள். பின்னர் ஒரு பிடி மாவைத் தளத்தில் வீசிப் பார்ப்பார்கள். வீசியவுடன் கருகினால் பொறுக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமானால் பாணை உள்ளே தள்ளலாம். வெப்பமானி அவ்வளவுதான்.

அடுப்புக்குள் நெருப்பு இல்லாததால் அதன்பின் சூடு இறங்கிக்கொண்டே போகும். எனவே வேலையும் அந்த இறக்கத்தைப் பின்பற்றியே அமைந்தது. முதற்சூட்டில் பாண், அடுத்து பணிஸ், தணிந்த சூட்டில் கேக், எஞ்சிய சூட்டில் காய்ந்து மொறுமொறுப்பாகும் பண்டங்கள். வீடுகளில் அடுப்புப் பெட்டி இல்லாத காலத்தில், நத்தார் நெருங்கும்போது கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளிலிருந்து கேக் தட்டுகள் பேக்கரிக்கு ஊர்வலம் போகும். ஒவ்வொரு போறணைக்கும் ஒரு குணம் உண்டு. எந்த மூலை கடுஞ்சூடு, எது மந்தம் என்பது அதில் உழைத்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் நோயுற்றால் அன்றைய பாண் கருகும், அல்லது வேகாது.

நெருப்பையும் பாணையும் பிரித்ததே இத்துறையின் முதற் பெரும் புதுமை எனலாம். இலண்டனில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியியலாளர் ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ் 1851 இல் நீராவிக் குழாய் அடுப்பை அறிமுகப்படுத்தினார். இறுக மூடிய இரும்புக் குழாய்களுக்குள் சிறிதளவு நீர் இருக்கும். குழாயின் ஒரு முனை நெருப்பில், மறுமுனை பாண் அறையில். நெருப்பு முனையில் ஆவியாகும் நீர் மறுமுனையில் குளிர்ந்து சூட்டைக் கொட்டிவிட்டுத் திரும்பும். தணல் வாருதலும் சாம்பல் துடைத்தலும் ஒழிந்தன. அறையின் சூட்டைக் குறையாமல் வைத்திருக்கவும் முடிந்தது.

இரண்டாவது புதுமை, சூட்டை அளக்கும் பொறுப்பைக் கையிலிருந்து கருவிக்கு மாற்றியது. 1923 இல் இங்கிலாந்தில் எரிவாயு அடுப்புகளுக்கு வந்த 'ரெகியூலோ' இதற்கு நல்ல உதாரணம். பித்தளைக் குழாய்க்குள் இன்வார் எனும் கலப்புலோகக் கோல். சூட்டில் பித்தளை நீளும். இன்வார் ஏறத்தாழ நீளாது. இந்த வேறுபாடு வாயு வால்வை இழுத்துச் சுருக்கும். இவ்வகைக் கருவிக்கு ஒரு குறை உண்டு. குறித்த சூடு வந்ததும் நெருப்பை அடக்கினாலும், உலோகத்தில் தேங்கிய சூடு மேலும் ஏறும். பின்பு அளவுக்கு மிஞ்சி இறங்கும். பிற்கால மின்னணுக் கட்டுப்பாடு, சூடு ஏறும் வேகத்தையும் கணக்கிட்டு, இலக்கை எட்டுமுன்பே நெருப்பைத் தணிக்கக் கற்றது. அனுபவமுள்ள பேக்கரிக்காரர் உள்ளுணர்வால் செய்ததும் அதுவே. நட்சத்திர ஹோட்டல்களின் சமையலறையில் இருக்கும், ஆவியையும் சூட்டுக் காற்றையும் சேர்த்து ஆளும் அடுப்பு 1976 இல் ஜெர்மனியின் ரேஷனல் நிறுவனம் கொண்டுவந்தது. அது வேறு உலகம்; மருதானைக்கு வருவோம்.

1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1980 இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. நகரில் நிலத்தின் விலை ஏறியது. விறகு அடுக்க இடமில்லை. புகைக்கு அயலவர் முறையிட்டனர். டீசலிலும் எரிவாயுவிலும் இயங்கும் சுழல் அடுப்புகள் இந்த இடுக்கில்தான் நுழைந்தன. தட்டுகள் அடுக்கிய சட்டத்தை அப்படியே உள்ளே தள்ளினால் அது சுழலும். விசிறி சூட்டுக் காற்றைச் சமமாகப் பரப்பும். சூட்டு மூலையும் மந்த மூலையும் மறைந்தன.

இது வெறும் வசதி மட்டுமன்று. பாண் வேகும்போது நீர் ஆவியாகி எடை குறையும். 450 கிராம் பாணுக்கு ஏறத்தாழ 500 கிராம் பிசைந்த மா தேவை. சூட்டு மூலையில் வெந்த பாண் கூடுதலாக உலர்ந்து எடை குறைந்துவிடும். 2024 இல் நுகர்வோர் அதிகார சபை முழுப் பாணின் எடை 450 கிராம் என வர்த்தமானியில் விதித்தபோது, சீரான சூடு சட்ட விவகாரமாயிற்று. எடை குறைந்த பாணை வாங்கி ஏமாந்தவன் ஏழைத் தொழிலாளியே என்பதால், கருவியின் நன்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

அதன் மறுபக்கத்தை 2022 காட்டியது. அந்நியச் செலாவணி வற்ற, எரிவாயுக் கப்பல்கள் நின்றன. டீசலுக்கு வரிசை நீண்டது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. சுமார் ஆயிரம் பேக்கரிகள் மூடப்பட்டதாக அம்மாதத்தில் உரிமையாளர் சங்கம் கூறியது. டீசல் கைவசம் இருந்தவரும் தப்பவில்லை. விசிறி, சுழல் சட்டம், எரிப்பான், கட்டுப்பாட்டுப் பலகை என யாவும் மின்சாரம் கேட்பவை. பிசைந்த மா பொங்கிப் புளித்துக் காத்திருக்க, அடுப்பு இருண்டு கிடக்கும். ஜெனரேட்டர் வைத்திருந்தவரும் அதே டீசல் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. இடிக்காமல் விட்ட செங்கல் போறணை வைத்திருந்தோர் விறகு தேடிப் போயினர்.

அவ்வாண்டு ஜூலையில் எரிவாயு விநியோகம் மீளத் தொடங்கியது. அதன்பின் மருதானையில் புதிதாகச் செங்கல் போறணை கட்டியவர் எவரையும் நான் காணவில்லை. ஆயினும், பழையதை இடித்துக் களஞ்சியம் ஆக்கலாம் என்றிருந்த ஒரு கடைக்காரர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அவருடைய போறணையின் வாயில் இப்போது வெற்றுத் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன; கூரை வளைவு அப்படியே நிற்கிறது.