'நான் பெண் இல்லையா?': சோஜர்னர் ட்ரூத் உரையின் இரு அச்சு வடிவங்கள்

அமெரிக்கப் பெண்ணுரிமை வரலாற்றில் மிகுதியாக எடுத்தாளப்படும் 'நான் பெண் இல்லையா?' என்ற கேள்வி, அந்த உரையின் தொடக்ககால அச்சு வடிவத்தில் இடம்பெறவில்லை.

அடிமைத்தளையிலிருந்து 1826-இல் தப்பி வந்தவரான சோஜர்னர் ட்ரூத், ஒஹையோ மாநிலம் ஆக்ரன் நகரில் நடைபெற்ற பெண்ணுரிமை மாநாட்டில் 1851 மே மாதம் உரையாற்றினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே கையெழுத்துப் படி எதுவும் இல்லை. பிறர் எழுதியவையே எஞ்சியுள்ளன.

மாநாட்டின் செயலாளர்களுள் ஒருவரான மாரியஸ் ராபின்சன், 1851 ஜூன் 21 அன்று தமது 'ஆன்டி-ஸ்லேவரி பியூகிள்' இதழில் உரையை வெளியிட்டார். உழுதல், அறுவடை, மரம் வெட்டுதல் என ஆணுக்கு நிகராக உழைத்ததை ட்ரூத் அதில் எளிய, நேரான ஆங்கிலத்தில் கூறுகிறார். பேச்சின் தாக்கத்தை எழுத்தில் கொண்டுவர இயலாது என்று ராபின்சனே ஒப்புக்கொள்கிறார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1863 ஏப்ரலில், ட்ரூத் குறித்து ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய கட்டுரை 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டது. அதே மாதம் 23-ஆம் தேதி, மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சஸ் கேஜ், 'நியூயார்க் இன்டிபென்டன்ட்' இதழில் தமது நினைவிலிருந்து அந்த உரையை எழுதினார். புகழ்பெற்ற கேள்வி இதில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. அதுவும் நான்கு முறை.

கேஜின் வடிவத்தில் இரு சிக்கல்கள் உள்ளன. பதின்மூன்று குழந்தைகளைப் பெற்றதாகவும், அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டதைக் கண்டதாகவும் ட்ரூத் கூறுகிறார். அவருக்குப் பிறந்தவர்கள் ஐவர் என்பதே ஆய்வாளர்களின் கணக்கு. அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகன் பீட்டரை அவர் நீதிமன்றம் சென்று மீட்டார். அந்த வெற்றிக்கு இந்த வடிவத்தில் இடமில்லை.

மற்றொன்று மொழி. கேஜ் அவரைத் தென்மாநில அடிமைகளின் வட்டார வழக்கில் பேச வைக்கிறார். ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் பேசியது டச்சு மொழி. தமிழாக்கம் செய்பவர் இந்த இடத்தில் தயங்கியே ஆகவேண்டும். கேஜின் உச்சரிப்பை ஏதேனும் ஒரு தமிழ் வட்டார வழக்கில் பெயர்த்தால், ட்ரூத்துக்குச் சொந்தமில்லாத குரலை இரண்டாம் முறையாக அவர்மீது ஏற்றுவதாகிவிடும்.

எனினும், 1881-இல் வெளிவந்த 'பெண் வாக்குரிமை வரலாறு' நூல் கேஜின் வடிவத்தையே சேர்த்துக்கொண்டதால் அதுவே நிலைத்தது. அந்தக் கேள்வி கேஜின் புனைவு என வரலாற்றாசிரியர் நெல் அர்வின் பெயின்டர் 1996-இல் வெளியிட்ட ட்ரூத் வாழ்க்கை வரலாற்றில் வாதிட்டார். இன்றும் பல தொகுப்புகளில் உரையின் தலைப்பாக இருப்பது அதுவே.