திப்புவின் புலியும் திறந்து கொடுத்த பாட்டும்

மைசூர், பெங்களூர்ப் பக்கம் குடியிருக்கும் நமக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் புதிய ஊர் அல்ல. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் ஆதிரங்கநாதர் தரிசனம், தரியா தௌலத் மாளிகை, கும்பஸ் என்று ஒரே நாளில் காட்டி முடித்துவிடுவோம். கோயிலுக்குப் பக்கத்தில் திப்புவின் லால் மகால் அரண்மனை இருந்த இடத்தில் நின்று பார்ப்பவர்கள் குறைவு. அங்கே பார்க்க அதிகம் ஒன்றுமில்லை என்பது உண்மைதான். 1799 மே 4ஆம் தேதி கோட்டை விழுந்த பிறகு, அந்த அரண்மனையின் இசைக்கூடத்தில் ஆங்கிலேயர் கண்டெடுத்த ஒரு இசைக்கருவியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மரத்தாலான புலி ஒன்று வெள்ளைக்காரன் ஒருவன்மேல் ஏறி அவன் கழுத்தைக் கவ்வுகிறது. கிட்டத்தட்ட ஆள் உயரப் பொம்மை. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் அவன் கை மேலே எழும். தொண்டையிலிருந்து ஓலம் வரும். புலியின் தலைக்குள்ளிருந்து உறுமல் கேட்கும். புலியின் விலாவில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட சின்ன ஆர்கன். ஓலம், உறுமல், ஆர்கன் மூன்றுக்கும் குழாய்கள் வேறுவேறு. எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது எது எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்குப் புரியாது. கதவைத் திறந்தவருக்குப் புரியும்.

லண்டனுக்குப் போன புலி 1808 முதல் லெடன்ஹால் தெருவில் கம்பெனியின் இந்தியா ஹவுஸில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்த பொதுஜனமே கைப்பிடியைச் சுற்றலாம் என்று விட்டிருந்தார்கள். சும்மா இருப்பார்களா? ஓயாத ஓலம். பக்கத்து நூலகத்தில் படிக்க வந்தவர்கள் நொந்துபோனார்கள். இயந்திரமும் பழுதாகத் தொடங்கியது. பிறகு ஒரு கட்டத்தில் கைப்பிடியையே காணோம். 1880இல் அது சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அதுதான். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து கூரை இடிந்து பல துண்டுகளாகிப் போனதை ஒட்டி, 1947இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது. அபூர்வமாக எப்போதாவது மியூசியத்தார் இயக்கினால்தான் உண்டு.

பூட்டியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இருப்பது ஒரே புலி. ஆளாளுக்குச் சுற்றினால் தேய்ந்துவிடும். ஆனால் பாட்டு விஷயத்தில் இந்த நியாயம் செல்லுமா என்பதுதான் என் கேள்வி.

ஸ்டூடியோவில் மல்டிட்ராக் என்பார்களே, அதுவும் புலியின் வயிறு மாதிரிதான். பாடகர் குரல் ஒரு தடம், டிரம்ஸ் ஒரு தடம், கிடார் ஒரு தடம் என்று தனித்தனியாகப் பதிந்து, பிறகு கலந்து ஒரே பாட்டாக வெளியிடுவார்கள். கலப்பதற்கு முந்தைய அந்தத் தடங்கள் வெளியார் கைக்கு வருவதில்லை. மேல்நாட்டு ராக் இசைக்காரர்கள் சிலர் இந்தக் கதவைத் திறந்தார்கள். நைன் இன்ச் நெயில்ஸ் குழு 2005இல் தன் பாட்டு ஒன்றின் தடங்களை அப்படியே ரசிகர்களுக்குக் கொடுத்தது. 2006இல் டேவிட் பர்னும் பிரையன் ஈனோவும் தங்கள் 1981ஆம் வருட ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டுகளின் தடங்களைத் தந்து, எப்படி வேண்டுமானாலும் கலந்துகொள்ளுங்கள் என்றார்கள். அதே ஆண்டு பீட்டர் கேப்ரியலும் தன் 1982ஆம் வருடப் பாட்டொன்றைக் கொடுத்தார். ஆயிரம் பேர் கலந்தாலும் மூலத்தில் ஒரு கீறல் விழாது. பிரதியைத்தானே கொடுக்கிறார்கள்! ஆக, பூட்டி வைப்பதற்குத் தேய்மானம் காரணமல்ல, உரிமைதான் காரணம்.

நம் பக்கம் வருவோம். 1950, 60களின் தமிழ்ப் பாட்டுகளில் இப்படித் திறந்து கொடுக்கப் பெரும்பாலும் ஒன்றுமே கிடையாது. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்து, அங்கேயே கலந்து, ஒரே தடத்தில் பதிந்தார்கள். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் 'படகோட்டி' (1964) படத்துப் பாட்டை ஏ.ஆர்.ரஹ்மான் 'நியூ' (2004) படத்தில் ரீமிக்ஸ் செய்தபோது வேறு குரல்களை வைத்துப் புதிதாகப் பாடவைத்தார். ரீமிக்ஸ் என்று பேர்தானே தவிர, உண்மையில் மறுபாட்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கேட்டு முகம் சுளித்ததில் இந்த விஷயமும் கலந்திருக்கிறது: பழைய பாட்டைக் கேட்கப் போய், பழைய குரல் அங்கே இல்லை.

பல தடப் பதிவு வந்த பிறகு நிலைமை மாறியது. ஒருவர் 'டிராக்' பாடிவைக்க, பிரதான பாடகர் பிறகு வந்து தன் குரலைப் பதிந்துவிட்டுப் போகும் பழக்கம் நம் ரிக்கார்டிங் தியேட்டர்களிலும் உண்டு. அந்தக் காலத்து டேப்புகள்தாம் நமக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான புலி வயிறு. அவை எந்தக் கம்பெனி அலமாரியில், எந்த ஈரத்தில் கிடக்கின்றனவோ! டேப் ஈரத்தில் கெட்டுப்போகும் பொருள். வழக்குகளில் பாட்டு யாருடையது என்று வாதாடுகிறோமே தவிர, டேப் எங்கே என்று கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து வருடம் கழித்து, ராயல்டி கட்டி வேறொருவர் அதை மறுபடி பாடிப் பதியலாம். ஆனால் பாட்டை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மூலப் பதிவையே எடுத்துக் கலப்பதற்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஒரே தடத்தில் கலந்த பாட்டிலிருந்துகூடக் குரலைக் கம்ப்யூட்டரே பிரித்தெடுக்கிறது. ஜான் லெனன் பியானோவோடு பாடிவைத்த கேசட்டிலிருந்து அவர் குரலை இப்படிப் பிரித்துத்தான் 2023இல் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு வெளிவந்தது. குரலையே புதிதாக உண்டாக்கவும் முடிகிறது. 'லால் சலாம்' (2024) படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ரஹ்மான் அப்படிப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். பீட்டர் கேப்ரியல் தானே கொடுத்தார். இங்கே கொடுக்க வேண்டியவர்கள் இல்லாததால் குடும்பத்தாரைக் கேட்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பையன் மடிக்கணினியில் டி.எம்.எஸ். குரலைப் பிரித்து விளையாடும்போது யாரையும் கேட்பதில்லை. அவனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. மைசூரில் பிறந்து கன்னடத்தில் படித்த பிள்ளை, 60 வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் பாட்டை வரிவரியாக நூறு தடவை கேட்கிறான்.